ஆட்டுக்கல்லிடம் பேசியவள்

ஓடிப்போகிறவள் வீட்டுச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டா போவாள்? அதுவும் பிச்சையம்மாள் கையில்? வல்லத்திராக்கோட்டையில் ஒரு சேதி பரவ வேண்டுமென்றால் மைக் செட் கட்ட வேண்டாம், பிச்சையம்மாள் காதில் போட்டால் போதும். அப்படிப்பட்டவளிடம் சாவியையும் கொடுத்து, போகிற ஊரின் பெயரையும் சொல்லி, வெயில் ஏறின பிறகு தெருவழியே நடந்து போனாள் புவனேஸ்வரி. அவளைப் பொழுது சாய்வதற்குள் ஓடிப்போனவள் ஆக்கிவிட்டார்கள். நாக்குக்கு எலும்பு கிடையாது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளையும்.

கடற்கரைப் பக்கத்து ஆள் ஒருத்தனோடு போய்விட்டாள் என்றாள் ஒருத்தி. தினமும் கதவைச் சாத்திக்கொண்டு அவனோடுதான் போனில் பேசினாள் என்றாள் இன்னொருத்தி. ரேஷன் கடை வரிசையில் நின்றவளோ, "அதுக்கு மூளை கலங்கி ரொம்ப நாளாச்சு. கொல்லப்பக்கம் ஆட்டுக்கல்லுகிட்ட உக்காந்து பேசுறத என் கண்ணால பாத்தேன்" என்றாள்.

மூன்றில் ஒன்று உண்மை. ஆட்டுக்கல்லிடம் பேசியது உண்மைதான். மற்ற இரண்டும் பொய். பொய்யை அவ்வளவு ஆசையாகக் கேட்டவர்கள் உண்மையையும் ஒரு தடவை முழுதாகக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

புவனேஸ்வரி, கொல்லைக்காட்டில் கடலை விதைத்துப் பிழைத்த சோலையப்பனின் மகள். அரசுப் பள்ளியில் படித்து, இன்ஜினியரிங் முடித்து, பெங்களூரில் சாப்ட்வேர் வேலைக்குப் போனாள். அங்கேயே கல்யாணம். அது நிலைக்கவில்லை. அடிதடி இல்லை, குடி இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பேச்சு வற்றிப்போனது, அவ்வளவுதான். கிணறு வற்றினால் யார் மேல் கேஸ் போடுவது? இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டு விலகிக்கொண்டார்கள்.

சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றது. ஊருக்கு வந்துவிட்டாள். அப்பா அதற்குள் கண்ணை மூடியிருந்தார். அம்மா செவந்தி, மகன் வீட்டில் பேரன் பிறந்திருக்கிறான், ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று திருச்சிக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

முதலில் தெருப் பெண்கள் வந்து போனார்கள். "மாப்பிள வரலையா?" என்று கேட்டார்கள். வரமாட்டார் என்று அவள் மறைக்காமல் சொன்னாள். அதன் பிறகு வருவது குறைந்தது. வளைகாப்பு என்றால் அவளை அழைப்பதில்லை. கல்யாணம் என்றால் பத்திரிகை கதவிடுக்கில் செருகியிருக்கும், வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட ஆள் வராது. யாரும் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை. பேசவே இல்லை என்பதுதான் விஷயம். ஒற்றை ஆளுக்குச் சமைக்கும்போது அரிசியை எவ்வளவு குறைத்துப் போட்டாலும் சோறு மிஞ்சியது.

அப்படி இருக்கும்போதுதான் காலையில் போனில் பேச ஆரம்பித்தாள். ஆளோடு இல்லை, ஆட்களோடு. டெலிகிராமில் ஒரு சேனல் வைத்து, தன்னைப் போல் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்களுக்கும் அதைக் கற்கிறவர்களுக்கும் தினம் ஒரு ஆடியோ போட்டாள். அந்தத் தொழிலில் சேதியெல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள் அதில் தட்டுத்தடுமாறுவதை அவள் பார்த்திருந்தாள், தானும் தடுமாறியிருந்தாள். அதனால் சேதியைத் தமிழில் சொன்னாள். கூடவே கோடு, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை, எழுதுகிறவர்கள் கைக்கு உதவுகிற மாதிரி ஒரு யோசனையும் சொன்னாள்.

"நெறயப் பேரு எடுத்துப் போட்டுக்கிற ஒரு ரெடிமேடு கோடு பேக்கேஜ்ல ஓட்டை இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. புதுசு வந்திருச்சு, இன்னைக்கே மாத்திருங்க. நாளைக்குன்னு தள்ளிப் போட்டீங்கன்னா மறந்துருவீங்க."

"ஸ்கிரீன்ல செவப்பா வந்தா ஒடனே மூடிட்டு அடுத்தவங்கள கேக்காதீங்க. கடைசி வரி வரைக்கும் படிங்க. தப்பு எங்கன்னு அதுலயே எழுதியிருக்கும்."

"வீட்டுச் சாவிய நிலைமேல வச்சுட்டுப் போற பழக்கம் நம்ம ஊருக்குச் சரி. கோடுக்குள்ள பாஸ்வேர்ட எழுதி வைக்காதீங்க. திருடன் மொதல்ல அங்கதான் கைய விட்டுத் தடவுவான்."

"ஏஐ எழுதிக் குடுத்ததத் தாராளமா எடுத்துக்கங்க. ஆனா ஒவ்வொரு வரியும் எதுக்குன்னு இன்னொரு ஆளுக்கு வெளக்கிச் சொல்ல முடியணும். முடியலன்னா அது உங்க கோடு இல்ல, எரவல்."

இதெல்லாம் கேட்கிறவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு ஒன்று. எழுதி முடித்ததை மக்கள் கைக்கு அனுப்புவதை அவர்கள் ரிலீஸ் என்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் செய்யக் கூடாது என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த பாடம். மறுநாள் விடுமுறை, ஏதாவது கெட்டுப்போனால் பார்க்க ஆள் இருக்காது. புவனா அதை இப்படிச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை வெளக்கு வச்சப்பறம் நம்ம வீட்டுல உப்பு, மோரு, காசு எதையும் வெளிய குடுக்க மாட்டாங்கல்ல? கோடும் அப்படித்தான். வெளக்கு வச்சாச்சுன்னா வெளிய விடாதீங்க." அந்த ஆடியோவைத்தான் கேட்டவர்கள் எல்லோருக்கும் அனுப்பினார்கள்.

கேட்பவர்களில் பலரும் கட்டைவிரல் படம் போட்டுவிட்டுப் போவார்கள். ஒருத்தி மட்டும் பேசி அனுப்புவாள். பெயர் பிளெஸ்ஸி. ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள், புருஷன் விசைப்படகில் போகிறவர். மீன்வண்டிகள் வந்து போகிற இடைவெளியில் கோடு எழுதக் கற்றுக்கொண்டிருந்தாள். "அக்கா, நீங்க சொன்ன மாதிரி கடைசி வரி வரைக்கும் படிச்சேன், ஒரு அடைப்புக்குறியக் காணோம். அதுக்கா ரெண்டு நாளா என்னைய அழவிட்டுச்சு?" என்று சிரிப்பாள். பின்னால் ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தம் கேட்கும். ஒரு நாளில் புவனாவை யாராவது உறவு வைத்துக் கூப்பிட்டார்கள் என்றால் அது அந்த ஒரு "அக்கா"தான். சில நாள் அதை இரண்டு தடவை போட்டுக் கேட்பாள்.

ஆட்டுக்கல் கதைக்கு வருவோம். கோடு எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எழுதினதில் தப்பு எங்கே என்று பிடிபடவில்லை என்றால் பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு பொருளிடம் வரிவரியாக விளக்கிச் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே வரும்போது தப்பு தானே வாயில் தட்டுப்படும். வெளிநாட்டில் ரப்பர் வாத்து பொம்மை வைத்துக்கொள்வார்களாம். புவனாவுக்குக் கொல்லைப்புற வேப்பமர நிழலில் கிடந்த ஆட்டுக்கல் வாய்த்தது. கிரைண்டர் வந்த பிறகு அதற்கும் வேலை இல்லை. அவளுக்கும் பேச ஆள் இல்லை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "இவரு பேரு கேக்குறாரு, நான் குடுக்குறேன், அங்கிட்டுப் போயிச் சேர்ந்துச்சா பாரு" என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டுத்தான் அவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்றது ஊர். தொழிலைச் செய்தாள். அதற்கா இந்தப் பேச்சு?

அவள் கம்பெனி, படகுக்காரர்களுக்காக ஒரு ஆப் செய்திருந்தது. எந்தப் படகு கிளம்பியது, எது கரை வந்தது என்று வீட்டுப் பெண்கள் போனில் பார்த்துக்கொள்ளலாம். ஜெகதாப்பட்டினத்திலும் அதுதான். தான் வேலை செய்கிற ஆப் அது என்று பிளெஸ்ஸியிடம் புவனா சொன்னதில்லை. வேலை ரகசியம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தன்னைக் குருவாக நினைக்கிறவளிடம் நானும் ஒரு சம்பளக்காரிதான் என்று சொல்லக் கொஞ்சம் மனசு வரவில்லை என்பதும் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி நடத்துகிற பிரசாந்த் சென்னையிலிருந்து கூப்பிட்டான்.

"புவனா, திரும்பாத போட் எல்லாம் ரெட்ல காட்டணுமாம். கூடவே வீட்டுக்கு ஒரு அலர்ட் போகணும். நாளைக்குக் காலைல போட் கிளம்புறதுக்குள்ள வேணும்னு போட் ஓனர்ஸ் கேக்குறாங்க."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க."

"தெரியும், உங்க விளக்கு ஆடியோவ என் மாமனாரே எனக்கு ஃபார்வர்டு பண்ணாரு. இது சின்ன மாத்தம்தானே, கோடுல ஒரே ஒரு கண்டிஷன் சேக்கணும். முடிச்சுவிட்டுருங்க."

எழுதினாள். எழுதி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

"படகு காலையில கெளம்புது. சரியா? பொழுது சாயத் திரும்புது. சரியா? அன்னைக்குத் தேதி முடியிற வரைக்கும் திரும்பலன்னா செவப்பு. வீட்டுக்குச் சேதி. சரியா?"

ஆட்டுக்கல் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் போனவர்கள் பொழுது சாயத் திரும்புவார்கள் என்பது கொல்லைக்காட்டுக் கணக்கு. அவள் அப்பா சோலையப்பன் அப்படித்தான் போய் வந்தார். நாட்டுப்படகுகளிலும் பலது அப்படிப் போய் வரும். அவள் சோதித்துப் பார்க்க வைத்திருந்ததும் நாட்டுப்படகுக் கணக்குதான், அதனால் எல்லாம் சரியாக வந்தது. விசைப்படகு அப்படி இல்லை. காலையில் போனால் இரவெல்லாம் கடலில் வலை இழுத்துவிட்டு மறுநாள்தான் கரைக்கு வரும். ஜெகதாப்பட்டினத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும் இது. அதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த புவனேஸ்வரிக்குத் தெரியவில்லை. படகு கிளம்பி அவள் பார்த்ததே இல்லை. பிளெஸ்ஸியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் சிரித்தே திருத்தியிருப்பாள். ஆனால் அவள் சொன்னது கல்லிடம்.

உள்ளே வந்து சாமி விளக்கை ஏற்றினாள். வாசலில் பிச்சையம்மாள் கிண்ணத்தோடு நின்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வாசலில் ஒரு ஆள்.

"கொஞ்சம் மோரு இருக்காத்தா, பாலுக்கு ஒறை ஊத்த? அடடே, வெளக்கு வச்சுட்டியே. வேண்டாம், வேண்டாம். வெள்ளிக்கிழமையும் அதுவுமா உன்னையக் கேக்கக் கூடாது. காலையில வாரேன்."

"ஒக்காந்துட்டுப் போங்க அயித்தை."

"அடுப்புல கொழம்பு கெடக்கு" என்று அவள் போய்விட்டாள்.

ஊர்வம்பு பேசுகிற பிச்சையம்மாள்கூட வெள்ளிக்கிழமையை மதித்துக் கிண்ணத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். புவனா லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, எழுதினதை வெளியே விட்டாள்.

சனிக்கிழமை காலையில் ஒரு டம்ளரில் மோர் எடுத்து மூடி வைத்தாள். பிச்சையம்மாள் வரவில்லை. யார் வீட்டிலோ வாங்கியிருப்பாள். அன்று விடுமுறை. போனை அணைத்துவிட்டு வீட்டைக் கழுவினாள், துணி துவைத்தாள், சீக்கிரம் படுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்து போனைத் திறந்தபோது பிளெஸ்ஸியின் குரல் வந்து கிடந்தது. அதில் ஐஸ் மெஷின் சத்தமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"அக்கா, எங்க ஊர்ல ராத்திரி ஒருத்தரும் தூங்கலக்கா. படகு ஆப்பு ஒன்னு இருக்கு. எல்லாப் போனும் ஒரே நேரத்துல கத்துச்சு. பாத்தா, போன படகு பூராவும் செவப்பு. கரை திரும்பலன்னு போட்டுருக்கு. காலையிலதான் வரும்னு எங்களுக்குத் தெரியாமயா? ஆனா ஆப்பே கூப்புட்டுச் சொல்லுதுன்னா, நடுக்கடல்ல நேவிக்காரன் புடிச்சுட்டுப் போயிட்டான்னுதானக்கா நெனப்பு ஓடும்? எங்க மாமியா முட்டிவலிக்காரங்க, செருப்புகூடப் போடாம தொறைமுகத்துக்கு ஓடுனாங்க. நான் நின்னது நின்னபடி நின்னேன். விடிஞ்சு மொதப் படகு கண்ணுல பட்டப்பறந்தான் ஒக்காந்தேன். எங்க வீட்டுக்காரரு எறங்கி வந்து, என்னடி ஊரே வரவேற்புக் குடுக்குதுன்னு கேக்குறாரு." அதற்கு மேலும் சொல்லியிருந்தாள்: "யாரோ வெள்ளிக்கிழமை வெளக்கு வச்சப்பறம் வெளிய விட்டுருக்காங்கக்கா. உங்க ஆடியோவ ஒரு தடவ கேட்டிருந்தா அப்படிச் செய்வாங்களா? நாளைக்கு ஆடியோல இதப் பத்தி நல்லா நாலு கேள்வி கேளுங்கக்கா. உங்க வாயால கேக்கணும்."

புவனா முதலில் செய்தது ஆப்பைப் பழைய நிலைக்குத் திருப்பியது. புதிதாக எதை வெளியே விட்டாலும் திரும்பி வர ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொடுத்தவள், அந்த வழியைத் தானும் வைத்திருந்தாள். ஆனால் கோடு திரும்பியதே தவிர, செருப்பில்லாமல் ஓடிய கிழவி திரும்பி வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ள முடியுமா?

பிரசாந்தைக் கூப்பிட்டாள்.

"பாத்தேன், சரி பண்ணிட்டீங்க இல்ல? முடிஞ்சது. டவர் ப்ராப்ளம்னு ஓனர்ஸ் கிட்ட சொல்லிட்டேன்."

"டவர் இல்லைங்க. நான் தப்பா எழுதிட்டேன்."

"எல்லா போட்டும் நல்லபடியா வந்துடுச்சு புவனா. யாருக்கும் ஒண்ணும் ஆகல. உங்க ஆடியோல கீடியோல இதப் பேசிடாதீங்க. பேசினீங்கன்னா நமக்குள்ள ஒத்துவராது. அவ்ளோதான் சொல்வேன்."

போனை வைத்தாள். பேசாமல் இருந்தால் வேலை இருக்கும், மறுநாள் காலையில் "அக்கா" என்கிற குரலும் இருக்கும். யாரோ செய்த தப்பு மாதிரி நாலு வார்த்தை திட்டிப் பேசினால் இன்னும் நல்லது, பிளெஸ்ஸி கேட்டதும் அதுதான். உண்மையைச் சொன்னால் இரண்டும் போகலாம். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். அந்தக் குரல் போனால் வீட்டில் மிக்சி சத்தமும் மோட்டார் சத்தமும்தான் மிச்சம். எந்தப் பக்கம் போவது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. கொல்லைக்குப் போனாள். ஆட்டுக்கல் முன்னால் நின்றாள். அன்றைக்கு அதனிடம் ஒன்றும் பேசவில்லை. குழியில் தேங்கிக் கிடந்த வேப்பிலையை அள்ளிப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

வந்து போனை எடுத்துப் பேசினாள்.

"பிளெஸ்ஸி, அத வெளிய விட்டது நாந்தான். டவர் கோளாறு இல்ல. வெள்ளிக்கிழமை, வெளக்கு எரியும்போதே விட்டேன். கிழமை மட்டும் காரணமில்ல. படகு எப்பப் போகும், எப்ப வரும்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்ச ஆளக் கேக்கவும் இல்ல. தெரிஞ்ச ஆளு நீ இருந்த. என்னைய மன்னிச்சுரு. உன் மாமியாகிட்டயும் சொல்லு."

முதலில் அதை அவளுக்கு மட்டும் அனுப்பினாள். பிறகு பெயர்களை விட்டுவிட்டு அதே சேதியைச் சேனலிலும் போட்டாள். "இன்னைக்கு யோசனை ஒன்னுதான்" என்று அதில் கடைசியாகச் சொன்னாள். "நாம எழுதுறத வச்சுப் பொழைக்கிறவங்க எப்படிப் பொழைக்கிறாங்கன்னு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவ போய்ப் பாருங்க. நான் பாக்கல."

சேனலில் யார் யாரோ எழுதினார்கள். தைரியம் என்றார்கள் சிலர். ஊருக்கு உபதேசம் என்றார்கள் சிலர். அதையெல்லாம் அவள் சரியாகப் படிக்கவில்லை. பிளெஸ்ஸிக்கு அனுப்பிய குரலின் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், கேட்டுவிட்டால் மறையும். மத்தியானம் பார்த்தபோது மறைந்திருந்தது. கேட்டுவிட்டாள். பதில் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறந்தால் கம்பெனிக் கதவு உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டிருந்தார்கள். பிரசாந்த் சொன்னதைச் செய்துவிட்டான். அவள் கோபப்படவில்லை. போனைப் பார்த்தாள், அங்கேயும் ஒன்றும் இல்லை. இனிமேல் காத்திருப்பதென்றால் இந்த வீட்டில் எத்தனை காலம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அதை நினைத்த பிறகுதான் எழுந்து குளித்தாள். தோள்பையில் மாற்றுப்புடவை ஒன்று வைத்தாள். கதவைப் பூட்டி, சாவியை நிலைமேல் வைக்கக் கையைத் தூக்கினவள், இறக்கிக்கொண்டாள். எதிர்வீட்டுக்குப் போனாள்.

பிச்சையம்மாள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டுத்தா கெளம்பிட்ட?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கெளம்புறவள எங்கன்னு கேக்கக் கூடாது. வாயி நிக்க மாட்டேங்குது."

"கேளுங்க அயித்தை. யாராச்சும் கேட்டாத்தான் நல்லாருக்கு. ஜெகதாப்பட்டினத்துக்கு."

"அங்கிட்டு நமக்கு யாரு இருக்கா?"

"எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒன்னு. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், நேர்ல சொல்லணும்."

பிச்சையம்மாள் கை முறத்தில் நின்றுபோனது. பிறகு ஊர் பேசியதெல்லாம் 'தப்பு' என்கிற இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான். என்ன தப்பு என்று அடுத்த கேள்வி கேட்டிருந்தால் புவனா அதையும் சொல்லியிருப்பாள். பிச்சையம்மாள் கேட்டது வேறு.

"போன்ல சொன்னா ஆகாதா?"

"சொல்லிட்டேன். பதில் வரல."

"அப்ப போனா மூஞ்சி குடுத்துப் பேசுமா அந்தப் பொண்ணு?"

"தெரியல அயித்தை. பேசாட்டியும் பரவாயில்ல. இன்னைக்குப் படகு போற நாளு. நாளைக்குத் திரும்பி வாரத ஒரு தடவயாச்சும் பாத்துட்டு வாரேன்."

சாவியைக் கொடுத்தாள். பிறகு பையிலிருந்து மூடி போட்ட ஒரு டம்ளரை எடுத்து முறத்தின் ஓரத்தில் வைத்தாள்.

"என்னத்தா இது?"

"வெள்ளிக்கிழமை கேட்டீங்கள்ல, மோரு. நேத்து ராத்திரி புதுசா ஒறை போட்டது."

"நான் அன்னைக்கே செட்டியார் வீட்டுல வாங்கிட்டேனே" என்று சொல்ல வந்த பிச்சையம்மாள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த மட்டுக்கும் அவளுக்கு நல்ல மனசு உண்டு. "சரி, வையி. பாத்துப் போயிட்டு வா" என்றாள்.

அறந்தாங்கி போய் அங்கே பஸ் மாறவேண்டும். புவனேஸ்வரி தெருவில் இறங்கி நடந்தாள். இரண்டு வாசலில் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், ஒருத்தியும் கூப்பிடவில்லை. அவள் கையில் போன் இருந்தது. அதை அவள் பார்க்கவில்லை.